பட்டினிப் பங்களாவிலிருந்து இறங்கி வந்த பசிகள்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், இடம் பற்றாவிட்டால் முழங்காலை ஒடுக்கிக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறவருக்கும் ஒரு ஓரம் விடுங்கள், ஆனால் உட்கார்ந்துவிட்டவரை மட்டும் யாரும் எழுப்பாதீர்கள், ஏனென்றால் இது உட்கார்ந்தவரை எழுப்பிவிட்ட கதை, எழுப்பியவனைப் பழி தீர்த்த கதை, நடுவில் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளலாம், பாதியில் எழுந்து போவதுதான் கூடாது.

தென்காசிக்கு மேற்கே, மலை இறங்கிவந்து மூச்சு வாங்குகிற இடத்தில், சாரல்குளம் என்று ஓர் ஊர். அந்த ஊர் மேட்டில், முன்பு முந்திரித் தோப்பாக இருந்த இடத்தில், டாக்டர் ஞானஸ்கந்தன் என்கிற வெள்ளை ஜிப்பாக்காரர் ஓர் இயற்கை வைத்திய நிலையம் கட்டி, வாசலில் 'நிராமய நிலையம்' என்று ஆள் உயரத்துக்கு எழுதிப்போட்டார். ஊர்க்காரர்கள் வாயில் அது நுழையவில்லை. பட்டினிப் பங்களா என்று சொல்லிவிட்டார்கள். சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் கார் காராக ஆட்கள் வந்து அங்கே பட்டினி கிடந்தார்கள்.

"நம்ம ஊருல சும்மா கெடந்த சாமான், இவுக கார் புடிச்சு வந்துல்லா வாங்கிட்டுப் போறாக" என்றாள் கோமதி மைனி. அவள் எல்லாவற்றுக்கும் ஒன்று சொல்லுவாள், அவளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே விடிந்ததும் வாழைத்தண்டுச் சாறு, அது முடிந்தால் வயிற்றில் ஈர மண் அப்பிக்கொண்டு வெயிலில் மல்லாந்து கிடப்பது, அது முடிந்தால் எனிமா, அது முடிந்தால் வெண்பூசணிச் சாறு, அதோடு அன்றைய சாப்பாடு முடிந்தது. அப்புறம் எல்லோரும் வேப்பமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து பேசவேண்டும் என்பது டாக்டர் போட்ட சட்டம். எங்கிருந்தோ வந்த ஆட்கள், ஒருவர் பேர் ஒருவருக்குத் தெரியாது, ஆனால் யாருக்கு இன்று வயிறு கழிந்தது, யாருக்குக் கழியவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். கழிந்தவரைப் பார்த்து மற்றவர்கள் கை தட்டுவார்கள்.

பங்களா மதிலுக்குக் கீழேதான் செண்பகவடிவின் இட்லிக்கடை. இட்லிக் கொப்பரையைத் திறந்தால் போதும், ஆவி நேராக மதிலேறி உள்ளே குதித்துவிடும். டாக்டர் கீழே இறங்கி வந்து சத்தம் போடுவார்.

"அம்மா, உங்க இட்லி என் பேஷண்டை எல்லாம் கெடுக்குது."

"என் இட்லிக்கு மதில் ஏறத் தெரியாதுய்யா. ஆவிதான் ஏறுது. வேணும்னா ஆவிக்கு ஒரு கேட்டு போடுங்க" என்பாள் செண்பகவடிவு, தலை நிமிராமல், மாவை ஊற்றிக்கொண்டே.

சூட்டிகையான பொம்பிளை. வாய் சிரிக்கும், கண் சிரிக்காது. அவள் கடையில் பெஞ்சு உண்டு, முக்காலி உண்டு, பாய்கூட உண்டு, ஆனால் அவளைப் பெற்ற பேச்சிமுத்து எதிலும் உட்காரமாட்டார். தட்டைக் கையில் ஏந்தி, பின்கட்டுத் தூணில் முதுகைச் சாய்த்து, நின்றபடியே சாப்பிடுவார். கல்யாண வீடு, கோயில் கொடை, கருமாதி எதற்குப் போனாலும் பந்தியில் உட்காராமல் வந்துவிடுவார். யாராவது கேட்டால், "உக்காந்தாத்தானய்யா எழுப்புவான், நிக்கிறவன எவன் எழுப்பப் போறான்" என்று சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கேட்கும்போதெல்லாம் செண்பகவடிவு எதையாவது அழுத்தித் தேய்ப்பாள்.

ஏன் என்று கேட்பீர்கள். சொல்லுகிறேன். பேச்சிமுத்து இளமையில் திரவியம் என்ற பெரிய வியாபாரியின் அரிசிக் குடோனில் மூட்டை தூக்கினார். திரவியத்தின் மகள் கல்யாணத்துக்கு வெள்ளை வேட்டி கட்டி, சின்னப்பிள்ளையாக இருந்த செண்பகவடிவுக்குப் பூ வைத்து, கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். பந்தியில் இடம் இருந்தது, உட்கார்ந்தார்கள், பருப்பு ஊற்றி நெய் விட்டார்கள், பிசைந்து முதல் கவளம் எடுத்தார். அந்த நேரம் சம்பந்தி வீட்டு ஆள் ஒருவர் இடமில்லாமல் நிற்க, திரவியம் விரலைச் சொடக்குப் போட்டுக்கொண்டு வந்து பேச்சிமுத்துவின் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, "எந்திரி, இது ஒனக்குள்ள எடமில்ல" என்றார். பந்தி முழுதும் பார்த்தது. ஒருத்தர்கூடச் சாப்பாட்டை நிறுத்தவில்லை. கையில் சோற்றோடு எழுந்த மனிதர் அந்தக் கையைக் கழுவாமலே ஊர் வரைக்கும் நடந்தார், சோறு காய்ந்து ஒவ்வொரு பருக்கையாக வழியில் உதிர்ந்தது. பின்னால் நடந்த சின்னப்பிள்ளை ஒவ்வொரு பருக்கையையும் பார்த்துக்கொண்டே வந்தது. அதன் பிறகுதான் அவர் நின்று சாப்பிடுகிறார். என் அப்பன் ஒருநாள் பந்தியில் உட்கார்ந்து, வயிறு நிறையச் சாப்பிட்டு, தானாக இலையை மடித்து எழவேண்டும், அதைப் பார்க்காமல் நான் சாகமாட்டேன் என்று அவள் மனசுக்குள் முடிந்து வைத்திருந்தாள்.

இப்படி இருக்கும்போது ஓர் ஐப்பசிக் காலையில், அடைமழை விட்டு மலை தெரிந்த நேரம், பட்டினிப் பங்களாவிலிருந்து பசிகள் இறங்கி வந்தன.

முதலில் வந்தது தூத்துக்குடி அமலோற்பவம் டீச்சரின் பசி. கோழி அளவு இருந்தது, அடுப்புக்கரி நிறம், கண் கிடையாது, காது கிடையாது, முகம் முழுக்க வாய், வாய்க்குப் பின்னால் வயிறு கிடையாது. கவனிப்பாரில்லாமல் எத்தனை நாள்தான் ஒருத்தி உடம்புக்குள் அது கிடக்கும்? கதவைத் திறந்துகொண்டு வருவதுபோல டீச்சரைவிட்டு வெளியே வந்து, மதிலேறிக் குதித்து, ஆவியின் வழியைப் பிடித்துக் கடைக்கு வந்து, பெஞ்சில் ஆள் நிறைந்திருந்ததால் ஓரமாக ஒதுங்கித் தன் முறைக்குக் காத்து நின்றது. செண்பகவடிவு கொப்பரை மூடியைத் திறந்து காட்டினாள். அது ஆவியை நக்கியது. அவ்வளவுதான் அதற்கு வேண்டியது.

"இது யாரு பசிட்டி?" என்றாள் கோமதி மைனி.

"வரிசையில நிக்கிறதப் பாத்தா டீச்சரு பசியாத்தான் இருக்கும் மைனி."

மறுநாள் சென்னைக் கல்யாண மாப்பிள்ளை தினகரனின் பசி வந்தது. தாலி கட்டுமுன் தொப்பையைக் குறைக்க வந்தவன் அவன். அவன் பசி கன்றுக்குட்டி அளவு, இட்லிக்கடையில் நின்றுகொண்டு பரோட்டா பரோட்டா என்று முனகியது. பிறகு ஒவ்வொன்றாக எல்லாம் இறங்கி வந்தன. மேலே பங்களாவில் ஆட்களுக்குப் பசி என்பதே இல்லாமல் போக, டாக்டர் ஞானஸ்கந்தன் இது தன் வைத்தியத்தின் மகிமை என்று சொல்லி, வேப்பமரத்தடியில் எல்லோரையும் தனக்குக் கை தட்டச் சொன்னார்.

சாரல்குளம் பயப்படவில்லை. மழைக்காலத்தில் அட்டை வருகிறது, குரங்கு வருகிறது, பசியும் வந்துவிட்டுப் போகிறது என்று எடுத்துக்கொண்டது. அதோடு, பசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவருக்குப் பசி எடுக்கும் என்பதைச் சீக்கிரம் கண்டுகொண்டார்கள். காய்ச்சலில் கிடந்து வாய் கசந்தவர்கள், சோற்றைக் கண்டால் ஓடுகிற பிள்ளைகள், மசக்கைக்காரிகள் எல்லோரும் கடைக்கு வந்து ஒரு பசியை மடியில் வைத்துக்கொண்டார்கள்.

"டீச்சரு பசிய ஒரு பொழுதுக்கு அனுப்பி வையேன் தாயி, எங்க மாமியாரு கஞ்சி குடிக்க மாட்டேங்காக."

"கூட்டிட்டுப் போங்க. மாப்பிள்ளை பசிய மட்டும் கேட்டுறாதீய, போன வாரம் கூட்டிட்டுப் போன வீட்டுல விதைநெல்லக் குத்தித் தின்னுட்டாங்க."

பஞ்சாயத்துத் தலைவர் வேலாயுதம், பசியை யாரும் கல்யாண வீட்டுக்குள் விடக்கூடாது, சோறு பற்றாமல் போகிறது என்று தமுக்கடித்துச் சொன்னார். அது ஒன்றுதான் இதற்காக ஊரில் வந்த புதுச் சட்டம்.

பங்களாவில் நாள் முடிந்து போகிறவர்கள் கார் ஏறுமுன் கடைக்கு வருவார்கள். பசி தன் ஆளை மோந்து கண்டுபிடித்து இலைக்குப் பக்கத்தில் போய் நிற்கும். முதல் கவளம் வாய்க்குள் போகும்போது அதுவும் கூடவே உள்ளே போய்விடும். டீச்சர் முதல் விள்ளலை விழுங்கிவிட்டு, "ஐயோ, எவ்வளவு நாளாச்சு!" என்று கண்ணீர்விட்டு அழுதார், அழுதுகொண்டே ஈடு ஈடாக இட்லியைத் தீர்த்தார். பசி பக்கத்தில் இல்லாமல் தின்றால் எதைத் தின்றாலும் மரத்தூள்தான் என்பதையும், கடையைத் தாண்டி நேராகக் காரில் போய், பாதி வழியில் திரும்பி ஓடிவந்த தினகரன் மூலமாகச் செண்பகவடிவு தெரிந்துகொண்டாள். தெரிந்துகொண்டதைக் கோமதி மைனியிடம்கூடச் சொல்லவில்லை.

தை பிறந்து வெயில் ஏறின ஒரு காலையில், எருமைக்கிடா அளவு ஒரு பசி மதிலை இடித்துக்கொண்டு வந்தது. வந்ததும் வராததுமாக முதல் பெஞ்சில் இட்லி பிட்டுக்கொண்டிருந்த தபால்காரரை முட்டி எழுப்பித் தள்ளிவிட்டு, அவர் இடத்தில் ஏறி உட்கார்ந்து, ஆவி எங்கே என்பதுபோல வாயால் சொடக்குப் போட்டது.

செண்பகவடிவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. அந்தச் சொடக்குச் சத்தம் அவள் காதுக்குள் எத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது!

"மைனி, மேல யாரு வந்திருக்காக?"

"யாரோ தெரவியமாம். பெரிய யாவாரி. ரத்தக்கொதிப்பு, சக்கரை, இன்னும் என்னென்னவோ. பட்டினி கெடந்து கொறைக்க வந்திருக்காராம்" என்றாள் கோமதி மைனி.

"வரட்டும், வரட்டும்" என்றாள் செண்பகவடிவு. கிணற்றுக் கயிற்றை அவிழ்த்து வந்து, ஆவித் தட்டைக் காட்டி அந்தப் பசியைப் பின்கட்டுக்கு அழைத்துப்போய், தன் அப்பன் நின்று சாப்பிடுகிற தூணிலேயே கழுத்துப் பக்கமாகப் பார்த்துக் கட்டினாள்.

ஊருக்கு விஷயம் தெரிந்துவிட்டது, ஆளுக்கொரு யோசனை சொன்னது. உலக்கையால் அடி என்றார்கள், மிளகாய்ப் புகை போடு என்றார்கள், அருவியில் தள்ளிவிடு என்றார்கள். தலைவர் வேலாயுதம், அதை ஏலம்விடலாம் என்றார். பேச்சிமுத்து ஒருத்தர்தான், "விட்டுரு தாயி, பாவம், வாயில்லாப் பிராணி" என்றார்.

"எய்யா, அதுக்கு வாயத் தவிர வேற ஒண்ணும் இல்ல" என்றாள் மகள்.

அவள் அதை அடிக்கவில்லை, பட்டினி போடவுமில்லை. ஒவ்வொரு வேளையும் பேச்சிமுத்து தூணில் சாய்ந்து நின்று சாப்பிடும்போது, கொதிக்கிற ஆவித் தட்டை அதன் முன் கொண்டுவந்து வைத்தாள். அது உட்கார்ந்தால் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். நின்றால் வைப்பாள். உட்கார்ந்தால் எடுப்பாள். முதலில் அது முட்டியது, உறுமியது, எழுப்பிவிட ஆள் தேடியது. பக்கத்தில் இருந்தவரோ நிற்கிற மனிதர், நிற்கிறவரை என்ன செய்து எழுப்புவது என்று தெரியாமல் குழம்பியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அவரைப்போலவே தூணில் சாய்ந்து, அவரைப்போலவே ஒரு காலை மடக்கி, நின்றுகொண்டே நக்கப் பழகியது. இவள் எதிராளி பசியை இப்படிப் போஷிக்கிறாளே, ரோஷம் கெட்டவள் என்று ஊர் முணுமுணுத்தது. மூலிகை போட்டு எண்ணெய் காய்ச்சுகிறவள் மாதிரி அவள் பொறுமையாக இருந்தாள்.

மேலே, திரவியத்தின் நாள் முடிந்தது. டாக்டர் தன் கையால் பழச்சாறு கொடுத்தார், மரத்தூள். கஞ்சி கொடுத்தார், மரத்தூள். வீட்டிலிருந்து காரில் அயிரை மீன் குழம்பு வந்தது, அல்வா வந்தது, ஆட்டுக்கால் வந்தது, எல்லாம் மரத்தூள். தொப்பை வற்றியது, கன்னம் ஒட்டியது, மோதிரங்கள் விரலைவிட்டு உருண்டன. "அற்புதமான முன்னேற்றம்" என்று கை தட்டிய டாக்டர் நாளாக நாளாகத் தட்டுவதைக் குறைத்துக்கொண்டார். கடைசியில் சமையற்கட்டு ஆள் ஒருவர்தான், கீழே இட்லிக்கடையில் ஒரு பசி கட்டிக்கிடக்கிறது, உங்கள் சாடையில் இருக்கிறது என்று காதில் போட்டார்.

இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க, திரவியம் இறங்கி வந்தார்.

"ஏம்மா, எம் பசி ஒங்கிட்ட இருக்காமே."

"இருக்கு அண்ணாச்சி. நல்லா இருக்கு. பின்கட்டுல நிக்கி."

"குடுத்துரு. நாஞ் செத்துருவேன் போலுக்கு."

செண்பகவடிவு அடுப்பை அணைத்துவிட்டு அவர் முன்னால் வந்து நின்றாள். "தாரேன். ஒண்ணே ஒண்ணு கேக்கேன், சொல்லுங்க. ஒங்க மக கல்யாணத்துல, பந்தியில ஒருத்தரக் கையப் புடிச்சு எழுப்புனியளே, ஞாவகம் இருக்கா? கவளம் கையில இருந்துச்சு. பக்கத்துல ஒரு சின்னப்பிள்ள இருந்துச்சு."

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், நெற்றியைச் சுருக்கி, கண்ணை மூடி. பின்கட்டுத் தூணோரத்தில் பேச்சிமுத்து கேட்டுக்கொண்டு நின்றார். அந்த நேரம் அவர் ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவள் அன்றைக்கே கயிற்றை அவிழ்த்திருப்பாள் என்று கோமதி மைனி சத்தியம் செய்வாள்.

"எந்தப் பந்தி?" என்றார் திரவியம். "எத்தனையோ பந்தி நடத்திருக்கேன், எத்தனையோ பேர எழுப்பிருக்கேன். அதையெல்லாமா மனசுல வைப்பாங்க?"

"அதுஞ்செரிதான்" என்றாள் செண்பகவடிவு, சிரித்துக்கொண்டே. "பசி சும்மா குடுத்தா ஒட்டாது அண்ணாச்சி. பந்தியில உக்காந்து, மொதக் கவளம் எடுக்கும்போதுதான் சேரும். வெள்ளிக்கெழம வாங்க. ஒங்களுக்காக நானே பந்தி போடுதேன்."

ஊர் கொதித்துவிட்டது. கோமதி மைனி அவளோடு பேச்சை நிறுத்தினாள், நிறுத்தியதையும் வாசலில் நின்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் நிறுத்தினாள். ஆனாலும் வெள்ளிக்கிழமை எல்லோரும் வந்தார்கள், பந்தி என்றால் வராமல் இருப்பார்களா? கடைக்கு முன்னால் பந்தல், இரண்டு வரிசை ஜமுக்காளம், அவியல், பச்சடி, பருப்பு, நெய், சொதி, பாயசம். முதல் வரிசையில் நடு இடம், அகலமான தலைவாழை இலை திரவியத்துக்கு. பக்கத்தில் டாக்டர், அவர் பக்கத்தில் பட்டினிப் பங்களாவில் அன்று மிச்சமிருந்த எல்லோரும். செண்பகவடிவு தன் கையாலேயே திரவியத்துக்குத் தண்ணீர் ஊற்றிக் கை நனைத்து, தன் கையாலேயே பரிமாறி, "உக்காருங்க அண்ணாச்சி, இது ஒங்களுக்குள்ள எடம்" என்றாள். பிறகு பின்கட்டுக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்தாள்.

அது வந்தது. ஆளை மோந்தது. திரவியம் பருப்புச் சோற்றைப் பிசைந்து முதல் கவளத்தை வாயில் வைத்தார், அதுவும் உள்ளே போனது, உள்ளே போன வேகத்தில் அவர் பின்னால் சாய்ந்துவிட்டார். முகத்தில் ரத்தக்களை ஏறியது. "அய்யோ! நெய்யி!" என்று கத்தினார். ஊரே வெறுப்பாகப் பார்த்தது. இரண்டாவது கவளத்தை உருட்டினார்.

உருட்டும்போதே அவர் கால் தானாக எழுந்தது.

உள்ளே போன பசி எழுந்து நின்றுவிட்டது. நின்றுகொண்டு தின்னப் பழகிய பசி அது, உட்கார்ந்த உடம்பில் அது எப்படி இருக்கும்? அவரைத் தூக்கிக்கொண்டு எழுந்தது. திரவியம் பிரயாசைப்பட்டுக் குந்தினார்; குந்திய நிமிஷமே வாயில் இருந்தது மரத்தூளாகிவிட்டது. எழுந்தார், பசி கொழுந்துவிட்டு எரிந்தது, ஆனால் இலை தரையில் கிடந்தது. குந்தினார், எழுந்தார், குந்தினார், எழுந்தார், வேட்டி அவிழ ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையில் சோற்றோடு, பந்தியின் நடுவில் நின்றார். யாரும் அவரைத் தொடவில்லை. எல்லோரும் பார்த்தார்கள், இந்தப் பந்தியில் எல்லோரும் சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"உட்காருங்க சார், நின்னுகிட்டு சாப்பிட்டா ஜீரணமாகாது" என்றார் டாக்டர்.

"என்ன அண்ணாச்சி எந்திரிச்சிட்டீய?" என்றாள் செண்பகவடிவு, சொதி வாளியோடு. "பந்தியில பாதியில எந்திரிக்கலாமா? நாங்க யாரும் எழுப்பலையே."

திரவியத்தின் கையிலிருந்து ஒரு பருக்கை உதிர்ந்தது, அப்புறம் ஒன்று. அப்போதுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார். எதிரே, பந்தல் காலில் சாய்ந்து, கையில் தட்டோடு, ஒரு காலை மடக்கி நின்றுகொண்டிருந்தார் பேச்சிமுத்து. அந்தப் பந்தலுக்குள் அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான் சோற்றோடு நின்றார்கள்.

"நீ... குடோன் பேச்சிமுத்துல்லா?" என்றார் திரவியம். செண்பகவடிவிடம் திரும்பினார். "எம்மா, ஞாவகம் வந்துட்டு. எல்லாம் ஞாவகம் வந்துட்டு. இத அவுத்துவிடு தாயி."

"நாங் கெட்டலையே அண்ணாச்சி. ஒங்க பசி, ஒங்ககிட்டயே சேத்தாச்சு. இனிமே எந்தப் பந்திக்குப் போனாலும் அதுதான் ஒங்களக் கூட்டிட்டுப் போகும், அதுதான் எழுப்பியும் விடும்."

கோமதி மைனிக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது, மார்பில் அடித்துக்கொண்டு சிரித்தாள், பேசமாட்டேன் என்றதை மறந்து, "அடிப்பாவி! அடிப்பாவி!" என்று கூவினாள், அந்தச் சிரிப்பு வரிசையோடு ஓடிப் பட்டினிப் பங்களா ஆட்கள் வரை போய், டாக்டர்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டார். திரவியம் சோற்றுக் கையைக் கழுவாமல் காரை நோக்கி நடந்தார். இன்றைக்கும் அவர் பெரிய பெரிய கல்யாணங்களுக்குப் போகிறாராம், தட்டைக் கையில் ஏந்தித் தூணோரமாக நிற்கிறாராம்.

செண்பகவடிவு சிரிக்கவில்லை. குனிந்து, அவர் விட்டுப்போன இலையைத் துக்க வீட்டு இலையை மடிப்பதுபோல மடித்து எடுத்தாள். அந்த இடத்தில் தண்ணீர் தெளித்துத் துடைத்தாள். புது இலை ஒன்றைக் கொண்டுவந்து விரித்தாள். பிறகு பந்தல் காலுக்குப் போய், தன் அப்பன் கையிலிருந்த தட்டை வாங்கிக் கீழே வைத்தாள்.

"வேண்டாம் தாயி. எவனாவது வந்து எழுப்புவான்" என்றார் பேச்சிமுத்து.

"எழுப்புதவன் அந்தா நின்னுக்கிட்டே போறான் பாருங்க எய்யா" என்று சொல்லி, அன்றைக்குத் திரவியம் பிடித்துத் தூக்கிய அதே மணிக்கட்டைப் பிடித்து, கீழ்நோக்கி இழுத்து, அவரை இலைக்கு முன்னால் உட்காரவைத்து, இலையின் ஓரத்தில் உப்பை வைத்தாள்.